டேங்க் மூடியில் சந்தனம்

பனவடலிசத்திரத்தில் பிச்சிப்பூ மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கோமதிநாயகம் அண்ணாச்சியின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாவ, சித்தப்பா" என்றாள். அன்று அவர் என்னோடு வண்டியில் வராமல் வீட்டிலிருந்தார். காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். முந்தின நாள் சாயங்காலம்கூட டயரில் காற்று குறைவு என்று என்னிடம் சண்டை பிடித்தவர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

சங்கரன்கோவில் பூச்சந்தைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பழைய வேன் எங்கள் இருவருக்கும் பொது. ஓட்டுவது நான், பக்கத்துச் சீட்டு அவருக்கு. தோட்டங்களில் பூவை ஏற்றி, ஏலத்துக்கு முன்னால் சந்தையில் இறக்க வேண்டும். இரண்டு வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு வண்டி வழியில் நிற்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு இருமி இருமி அணையும். மெக்கானிக்கிடம் போனால் மட்டும் சமர்த்துப் பிள்ளையாகிவிடும். பில்டரை மாற்றினோம், பம்பை மாற்றினோம். அண்ணாச்சி பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டார். நான் வேதக்காரன், ஜெபம் செய்துவிட்டு வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். இன்னொரு நாள் பிந்தினால் வேறு வண்டிக்குப் பூவைக் கொடுத்துவிடுவோம் என்று தோட்டக்காரர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளும் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்கைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும்வே. ஒவ்வொரு தடவையும் டேங்கத் தொறந்து பாத்த பொறவுதான ஸ்டார்ட் ஆவுது?"

திறக்காமல் சாவியைத் திருகினேன், ம்ஹூம். அவர் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இப்போது வண்டி கிளம்பிவிட்டது. மூடியில், டேங்குக்குள் காற்று போக ஓர் ஊசித்துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் வராது. அடைத்திருந்தது காய்ந்த சந்தனம். பூஜையன்று ஓர் ஆணியைக்கூட விடாமல் வண்டி முழுக்கச் சந்தனம் பூசுகிறவர் அண்ணாச்சிதான். மெக்கானிக்குகளும் முதலில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்; அதனால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை.

அன்றும் ஏலத்துக்குப் பிந்திவிட்டோம். தோட்டக்காரர்களிடம் பம்பு கோளாறு என்று சொல்லிவிடுவோம், சந்தனம் என்றால் சிரிப்பார்கள் என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும்வே. பம்புன்னு சொன்னா நாளைக்கும் நிக்குமோன்னு பயந்துகிட்டுல்லா இருப்பாவ" என்றார்.

தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் மூடியைக் கையில் தூக்கிக் காட்டினார். "வண்டி மேல குத்தம் இல்ல. எம்மேலதான்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். சிரிக்கத்தான் செய்தார்கள். சாமி கும்பிட்டு வண்டியை நிறுத்தின ஆள் நீருதாம்யா என்று ஒரு அம்மா கேலி செய்தாள். ஆனால் மறுநாள் பூ எங்கள் வண்டியில்தான் ஏறியது. இன்றுவரை ஏறுகிறது.

ஏதாவது கெட்டுப்போனால் யாரைத் திட்டலாம் என்று தேடுகிறவன் நான். என் கை எங்கே பட்டது என்று முதலில் பார்க்கிற புத்தி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். போன வாரம் தோட்டத்துக்குப் பிந்திப் போனேன். பஞ்சர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அவர் பக்கத்தில் இல்லாமல் தனியாக நின்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.