கிணற்றுக்குள் பால்கெண்டை

ஜெர்லின் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரை அதில் ஊற்றி, காலையில் குழாயைத் திறந்துவிட வேண்டும். ஊரில் யாருக்கு வயிறு கடமுட என்றாலும் முதல் திட்டு அவளுக்குத்தான்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில் தண்ணீரில் மருந்து வாடை குடலைப் பிடுங்கியது.

"பவுடர அள்ளிக் கொட்டுறியா? டீ போட்டா ஆஸ்பத்திரி வாடையில்ல அடிக்கிது!" என்று குழாயடியில் யாகப்பம்மாள் பிடித்துக்கொண்டாள்.

ஜெர்லின், பாவம், மருந்தைக் குறைத்தாள். வாடை கூடியது. இன்னும் குறைத்தாள். இன்னும் கூடியது. கடைசியில் ஊராட்சித் தலைவர் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றுவிட்டார். விசைப்படகுக்குப் போகும் கிளாட்சன், அவள் வீட்டுக்காரன், கரையில் சும்மா இருக்கிற காலம். இந்த வேலைதான் அடுப்பை எரித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர்ப் பரிசோதனை செய்கிற மதுமதிக்குப் போன் போட்டாள்.

"வாடை அடிச்சா மருந்து கூடிருச்சுன்னு நெனைக்காதக்கா. தண்ணியில மூத்திரம், மீன் கழிவுன்னு ஏதாச்சும் கலந்தா அதுல அம்மோனியா இருக்கும். குளோரின் அதோட சேந்துதான் இப்பிடி நாறும். அழுக்க எடுத்துட்டு, மருந்தப் பத்துற அளவு போடு. வாடை போயிரும்."

மீன் கழிவா? இந்தக் கடலோரத்தில் மீன் இல்லாத ஒரே இடம் அந்தக் கிணறுதானே என்று நினைத்துக்கொண்டே போனாள். அங்கே கிணற்று மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கிளாட்சன் சோற்று உருண்டை போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கூட்டம் கூட்டமாகப் பால்கெண்டை.

"என்னங்க இது?"

"கரையோரம் குஞ்சாக் கெடந்துச்சு, அள்ளியாந்து விட்டேன். மீனப் பாக்காம கையுங்காலும் ஓட மாட்டேங்குது புள்ள."

"அதுக்கு ஊரு குடிக்கிற தண்ணியில பேள விடுவியளா? பிடிங்க எல்லாத்தையும்!"

"தடைக்காலத்துல வலை போடக் கூடாதுல்ல?"

அவள் பார்த்த பார்வையில் கிளாட்சன் தானாகவே கிணற்றுக்குள் இறங்கினான். மீனையெல்லாம் குடத்தில் அள்ளிக்கொண்டுபோய் அலையாத்திக் காட்டு ஓடையில் விட்டான். பம்பு ரிப்பேர் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, இருவரும் கிணற்றை இறைத்துச் சேற்றை வாரினார்கள், தொட்டியைக் கழுவினார்கள். ஊறிய புதுத் தண்ணீரில், குறைத்து வைத்திருந்த மருந்தை ஜெர்லின் நன்றாகவே கூட்டிப் போட்டாள். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும், குளோரின் அளவு சரி என்கிற மஞ்சள் காட்டியது. வாடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த யாகப்பம்மாள் ஒரு செம்பு குடித்துப் பார்த்தாள். "இப்பத்தான்டி புத்தி வந்து மருந்தக் கொறச்சிருக்கே." தலைவரும் தலையாட்டினார். வேலை தப்பியது.

ஜெர்லினுக்கு வாய் துறுதுறுத்தது. கூட்டித்தான் போட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் மீன் கதை வெளியே வரும். ஊரே சேர்ந்து கிளாட்சனைக் கிணற்றில் தள்ளும். வயிறு எரிய, "ஆமாக்கா, கொறச்சிட்டேன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற கிளாட்சன் சும்மா இருந்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னேன். இவ எங்க கேட்டா?" என்றான்.

அன்று மதியம் அவனுக்குச் சோறு இல்லை. ஒரு செம்பு தண்ணீர் கிடைத்தது, வாடை இல்லாமல்.