ஆறடி இடைவெளியில் கோ-கோ

குழந்தைகளுக்குக் கோ-கோ சொல்லித் தருகிறவளுக்கு முதலில் போவது தொண்டை, அடுத்துப் போவது மானம். பன்னிரண்டு வருடமாக இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தபடி பட்டாபிராமில் காலம் தள்ளுகிறேன். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் மதிலுக்கும் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்கும் நடுவே ஒரு மண் மைதானம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், ஃப்ளாட் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று பதினைந்து இருபது பேர் அங்கே கூடுவார்கள்.

கொரோனா முதல் அலை அடங்கி, பள்ளிக்கூடம் மட்டும் திறக்காமல் இருந்த மாதங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். 'பார்த்து விளையாடலாம்' என்ற அளவுக்குத் தளர்வு வந்திருந்தது. எதைப் பார்த்து, எப்படிப் பார்த்து என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் உங்களில் யாராவது ஒரு குழந்தைகள் அணியை வைத்துக்கொண்டு, நடத்தலாமா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டிருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

இஞ்சி டேப்

முதல் நாள் பயிற்சிக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றவர் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஆரோக்கியசாமி. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். கையில் இரும்பு டேப். "சமூக இடைவெளி இல்லேன்னா கேட்டைப் பூட்டிடுவேம்மா" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

கோ-கோவில் துரத்துகிற அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டில் ஆளுக்கொரு கட்டத்தில், ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவார். நான் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கட்டங்களுக்கு நடுவே ஆரோக்கியசாமி குனிந்து, டேப்பை நீட்டி, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, இரண்டு தடவை அளந்தார். நிமிர்ந்தவர் முகத்தில் ஏமாற்றமா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆறடி நாலு அங்குலம். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவன் கொரோனாவைக் கேட்டுட்டுத்தான் கோடு போட்டிருக்காம்மா!"

இரண்டு கார்த்திக்

உட்கார்வதில் சிக்கல் இல்லை, எழுப்புவதில்தான். துரத்துகிறவர் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் தட்டி 'கோ' என்று சொன்னால்தான் அவர் எழுந்து ஓட வேண்டும். தட்டக் கூடாது என்றால்? ஒரு அம்மா, ஒவ்வொரு தட்டுக்கும் சானிடைசர் போட்டுக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு ஓடிய நேரத்தைவிடக் கை தேய்த்த நேரம்தான் அதிகம். இன்னொரு அப்பா ஒரு பழைய பூப்பந்து மட்டையைக் கொடுத்தனுப்பி, அதால் தொடலாம் என்றார். இரண்டாவது நிமிஷமே அது தொடுவதிலிருந்து அடிப்பதற்கு முன்னேறிவிட்டது.

கடைசியில் நானே ஒரு விதி போட்டேன். தொட வேண்டாம், பின்னால் நின்று பேரைச் சொல்லி 'கோ' என்று கத்தினால் போதும். "கார்த்திக், கோ!" என்று ஒருத்தி கத்தினாள். வரிசையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் எழுந்து ஓடிவந்து நடுவில் முட்டிக்கொண்டார்கள். ஒருவனுக்கு நெற்றி வீக்கம், மற்றவனுக்கு மூக்கில் சிராய்ப்பு. வீக்கத்தைத் தடவியபடி குவார்ட்டர்ஸ் கார்த்திக் சொன்னான்:

"முதுகுல தட்டுற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு யாருக்குமே பிரச்சினை இல்ல மிஸ்!"

ஊதா மாஸ்க்

ஓடும்போது மாஸ்க்கைக் கழற்றலாம், உட்கார்ந்ததும் போட வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. கழற்றிய மாஸ்க்கை எங்கே வைப்பது? மைதானத்து வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாருடையது எது என்பதை மட்டும் ஆண்டவன்தான் அறிவான்.

யாழினி என்று ஒரு பத்து வயதுப் பெண். அணிக்குத் தலைவி. அவள் அப்பா ஏழுமலை, ஆவடிக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மறுநாள் அவர் வண்டியை மைதானத்து வாசலில் நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டார்.

"இன்னா மேடம், மஞ்ச மாஸ்க் போட்டு அனுப்ச்சேன், ஊட்டுக்கு ஊதா மாஸ்க்ல ஒண்ணு வந்துகீது. எங்க புள்ளதானான்னு கயட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள உட்டேன்!"

ஒரே ஒரு வேண்டாம்

இப்படிச் சிரித்துக்கொண்டு போனபோதுதான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. 'நிலைமை முழுசாகச் சரியாகும்வரை பயிற்சியை எல்லோருக்கும் நிறுத்திவைப்பது நல்லது. சரவணன், இரண்டாவது மாடி.' சரவணன் ஐ.டி. வேலைக்காரர், தூத்துக்குடிப் பக்கம். அவர் மகள் இன்பாதான் எங்கள் அணியிலேயே மிக வேகமான ஓட்டக்காரி. தளர்வுக்குப் பிறகு அவள் ஒருநாளும் கீழே இறங்கவில்லை.

குழு பொங்கியது. உங்கள் பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை என்றால் அனுப்பாதீர்கள், எங்கள் பிள்ளைகள் ஏன் செல்போனோடு கிடக்க வேண்டும் என்றார்கள். யாரோ ஒருவர், சாருக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கித் தரலாம் என்று எழுதினார். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒன்று நான் போட்டது. வேண்டும் என்பவர்கள் கட்டைவிரல் காட்டுங்கள் என்றார்கள். எல்லோரும் காட்டினார்கள், சரவணனைத் தவிர.

அன்று சாயங்காலம் நானே அவருக்குப் போன் செய்தேன், கொஞ்சம் காரமாகப் பேசுகிற எண்ணத்தோடுதான். அவர் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். மனைவி மீனாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. சின்னச் சளி பிடித்தாலும் உடம்பு தாங்காது, வெளியே போய்வரும் யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழுவில் சொல்ல வேண்டாம் என்று மீனா கேட்டுக்கொண்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர்போல் சொன்னார்:

"ஆட்டம் தப்புன்னு சொல்லல மேடம். எல்லாரும் நிறுத்தினா எம் பொண்ணு மட்டும் ஜன்னல்ல நிக்க வேண்டாமேன்னுதான் எழுதினேன்."

மைக்கை மூட மறந்தவர்

இதற்கு என்ன செய்வது? நிறுத்தினால் பதினைந்து பிள்ளைகள் வீட்டில் கிடப்பார்கள். நடத்தினால் ஒருத்தி ஜன்னலில் நிற்பாள். நல்லவேளையாக அவர்கள் பால்கனி மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. இன்பாவை அங்கிருந்து நடுவராக இருக்கச் சொன்னேன். "ஆடாம விசில் மட்டும் ஊதணுமா? போங்க மிஸ்" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு இரண்டாவது மாடியிலிருந்து விசில் சத்தம். அண்ணாந்து பார்த்தால் சரவணன். முன்னால் ஸ்டூலில் லேப்டாப், கழுத்தில் விசில். பாவம், அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் நெருங்கினாலே ஊதினார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த இன்பா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அப்பா, அது ஃபவுல் இல்ல. துரத்துறவ நடுக்கோட்டைத் தாண்டினாத்தான் ஃபவுல்!" அந்த வாரக் கடைசியில் விசில் அவள் கழுத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கத்துகிற வேலை. மேலேயிருந்து பார்ப்பதால் ஒரு தப்பும் தப்பவில்லை. பிள்ளைகள் மேலே பார்த்துச் சண்டை போட, இன்பா கீழே பார்த்துச் சண்டை போட, எனக்குத் தொண்டை கொஞ்சம் மிஞ்சியது. ஒருநாள் திடீரென்று சரவணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ராத்திரி போனில் விளக்கம் வந்தது.

"மீட்டிங்ல மைக்கை மூட மறந்து 'ஃபவுல்'னு கத்திட்டேன் மேடம். எங்க மேனேஜர், 'ஆமா, இந்தக் கெடு ஃபவுல்தான், ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்'னுட்டார்!"

ஏழுமலையின் கணக்கு

பிறகு ஒரு காலை யாழினி போன் செய்தாள். "மிஸ், அப்பாவுக்குப் பாசிட்டிவ்." அந்த நிமிஷமே பயிற்சியை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை, கட்டைவிரல் எண்ணவில்லை. அடுத்த இரண்டு வாரம் தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டேன். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் ஒரே நினைப்புதான். என் மைதானத்திலிருந்து அது ஒரு வீட்டுக்குப் போயிருந்தால்? குறிப்பாக அந்த இரண்டாவது மாடிக்கு? மற்றவர்களோடு சேர்ந்து நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சரவணனுக்கு, 'நீங்கள் பயந்தது நியாயம்தான்' என்று மட்டும் எழுதினேன்.

கடைசிவரை பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஏழுமலையும் வாசனை போய், பிறகு வாசனை வந்து, இளைத்து எழுந்தார். தெருவில் பார்த்தபோது, என்னால்தானோ என்று பயந்துவிட்டேன் அண்ணா என்றேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அத்த வுடு மேடம், எனக்கு வந்தது வண்டில. பத்து பேரு இடிச்சிகினு குந்துனப்போ ஒருத்தரும் வாயத் தொறக்கல, ஒம்போது புள்ளைங்க வெளையாட்றதுக்கு ஓட்டு எடுத்தாங்கோ!"

கட்டில், ஃப்ரிட்ஜ், பீரோ

இரண்டாம் அலை வந்து மறுபடி பூட்டியதும், திறந்ததும் உங்களுக்கே தெரியும். மீனாவின் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகளை இனி வெளியே அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே இன்பா இறங்கிவிட்டாள். அரை அடி வளர்ந்திருந்தாள். காலணி சிறியதாகிவிட்டதால் வெறுங்காலோடு வந்தாள். யாழினிதான் முதலில் அவள் முதுகில் பளீரென்று ஒன்று வைத்து, "கோ!" என்றாள். நான் தடுக்கவில்லை.

இத்தனை மாதம் ஓடாத கால், பார்த்து மெதுவாக ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தேன். அவளோ நடுக்கோட்டு முனையில் நட்டிருக்கும் கம்பத்தைப் பிடித்து ஒரே வீச்சில் சுற்றித் திரும்பி, இரண்டு கார்த்திக்குகளையும் அடுத்தடுத்துத் தொட்டு வெளியேற்றினாள். வேலியோரம் நாற்காலி போட்டு மீனா உட்கார்ந்திருந்தார். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். பக்கத்தில் சரவணன், லேப்டாப் இல்லாமல். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து மீனா சிரித்துவிட்டார்.

"வீட்டுல கட்டில், ஃப்ரிட்ஜ், பீரோ ஒண்ணையும் விடாம சுத்தினா மேடம். பீரோ கதவு பேந்தே போச்சு. இனிமே உங்க பாடு!"

நடத்தியது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் 'வராதே' என்று சொன்ன காலத்தில் நாலரைக்கே வந்து வாசலில் நின்ற அதே பிள்ளைகள், 'வா' என்று கூப்பிடுகிற இந்தக் காலத்தில் ஐந்தே முக்காலுக்குத்தான் வருகிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.