இளவரசி பார்க்காத காவலாளி

பன்னிரண்டு வயதில் நான் ஓர் எழுத்தாளர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில், டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றின் எட்டாவது மாடியில் இருந்துகொண்டு, ஓர் அரண்மனையைப் பற்றிய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதைகள் எழுதி இணையத்தில் போட்டுவந்தேன். அந்த உலகத்தில் சட்டம் ஒன்றுதான்: தொடரில் காட்டியதை மாற்றக் கூடாது; காட்டாமல் விட்டதை எப்படியும் எழுதலாம். நான் அதை மீறிவிட்டேன். நீச்சல் தெரியாத இளவரசியை ஆற்றை நீந்திக் கடக்க வைத்ததற்காக வாசகர்கள் என்னைக் கிழித்துப்போட்டார்கள். எல்லாக் கதைகளையும் அழித்துவிடப் போகிறேன் என்று அழுதுகொண்டிருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடுதான் இருந்தார். நகர மத்தியில் ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி வேலை. பின்னேரம் வந்ததும் சீருடைச் சட்டையைக் கழற்றாமலே சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு என்னோடு தொடர் பார்ப்பார். ஆங்கிலத்தில் பாதியை நான் விளங்கப்படுத்துவேன்.

"இளவரசியை விடு பிள்ளை. உந்தக் கதவடியில நிக்கிறானே, அவனைப் பற்றி எழுது."

"அவன் ஒண்டுமே கதைக்கிறேல்லையே மாமா."

"அப்ப நல்லதுதானே. ஆர் பிழை பிடிக்கிறது?"

மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வருகிறவரின் நடையை வைத்தே அவருக்குப் பதவி போய்விட்டதா என்று காவலாளி கண்டுபிடிப்பான். யாருக்கும் தெரியாமல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுவான். இளவரசி அவனைக் காதலிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். மாமா விடவில்லை.

"மூண்டு சீசனிலயும் அவள் அவனை ஒருக்காலும் நிமிர்ந்து பாக்கேல்லை. அதை மாத்தாதை."

தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

கதை எடுபட்டது. என்னைக் கிழித்தவர்களே அடுத்த அத்தியாயம் கேட்டார்கள். ஒருவர் காவலாளியின் பெயரைக் கேட்டிருந்தார்.

"பேர் சட்டையில குத்தியிருக்குது," என்றார் மாமா. "ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

அதையும் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து, தொடரை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்புக் கவசம். பெயரே இல்லை.

"மாமா, பிழை! அவன்ர உடுப்பில பேர் இல்லை!"

மாமா குனிந்து திரையைப் பார்த்தார்.

"ஓம், பிழைதான். எடுத்துவிடு," என்று சிரித்தார்.

மாமாவிடமே பிழை பிடித்துவிட்ட பெருமையோடு அந்த வரியை அழித்தேன். அது யாருடைய கதையின் வரி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.