இது இல்லாமல் ஓடுமா?

நாகப்பன் நிரலில் ஒரு வரியை அழித்துவிட்டு, கணிப்பொறியை அணைத்துப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கிறார். அது ஒழுங்காக எழுந்து வந்துவிட்டால் அடுத்த வரிக்குக் கை போகும். "இது இல்லாம ஓடுமா, ஓடாதா? அத்தினிதான் கேள்வி" என்பார். கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்வார்.

ஒரகடம் சாலையில், கார்களுக்கு பிரேக் குழாய் செய்து தரும் கம்பெனி. அங்கே கணிப்பொறிப் பிரிவு என்றால் நாகப்பன் ஒருவர்தான். உற்பத்தி லைனில் நிற்கும் கணிப்பொறிப் பெட்டிகளெல்லாம் யாரோ ஆபீஸில் கழித்துக் கட்டியவை. புதிது வாங்க முதலாளிக்கு மனமில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளக் குறுந்தகடோ, அவற்றின் சின்ன நினைவகத்தில் ஏறுவேனா என்றது. நாகப்பன் அதை உரிக்க ஆரம்பித்தார். விளையாட்டுகள் போயின. பாட்டுக் கேட்கும் வசதி போயிற்று. படங்கள், பிரிண்டர் சமாச்சாரம், ஊர்பேர் தெரியாத மொழிகள் எல்லாம் போய், கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மிஞ்சின. செத்த பெட்டிகள் ஓடின.

ஆளும் அப்படித்தான். சட்டையில் பை வைத்துத் தைக்க மாட்டார். ரசம் ஊற்றிக்கொள்ள மாட்டார், "சாம்பார்லயே எல்லாம் கீது." வீட்டில் ஒரு பொருளைக் காணவில்லை என்றால் மனைவி ராஜாமணி தேடுவதில்லை. "இன்னாத்த தூக்கிப் போட்ட?" என்று நேராக அவரிடமே வந்துவிடுவார்.

குழாய்களைச் சோதிக்கும் மேஜையில் இசக்கிதுரை என்ற பையன் நின்றான். திருநெல்வேலிப் பக்கம், கான்ட்ராக்ட் ஆள். எவ்வளவு அழுத்தத்தில் சோதிப்பது என்ற எண்ணைக் காலையில் கணிப்பொறியில் போட்டுவிட்டு நாள் முழுக்கக் குழாய்களை மாட்டிக் கழற்றுவது அவன் வேலை. போன வருஷம் ஒருநாள் கார் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகக் குழாய்கள் திரும்பி வந்தன. குறைந்த அழுத்தத்தில் தேறிய குழாய்கள். மேனேஜர் சங்கரநாராயணன் அவனை நிறுத்தி விசாரித்தார்.

"நான் கொறைக்கல சார். காலைல சரியாத்தான் போட்டேன். அதுவா மாறிட்டு."

மேனேஜர் நாகப்பனைப் பார்த்தார்.

"அதுவா எப்படி சார் மாறும்? நம்ம சிஸ்டம் அந்த மாதிரி பண்ணாது" என்றார் நாகப்பன். அன்று சாயங்காலமே பையனிடமிருந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் மின்சாரம் கண் சிமிட்டியது. நாகப்பன் வேறு வேலையாக அந்த மேஜைப் பக்கம் நின்றிருந்தார். பெட்டி அணைந்து தானாக எழுந்தது. திரையில் அழுத்தம் குறைந்திருந்தது. முதன்முதல் வெள்ளோட்டத்தில் அவரே போட்டுப் பார்த்த எண் அது. மாற்றுகிற எண்ணை, மின்சாரம் போனாலும் மறக்காதபடி ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்க லினக்ஸில் ஒரு சின்னப் பகுதி உண்டு. அதை அவர்தான் எடுத்திருந்தார். அது இல்லாமலும் பெட்டி ஓடியது.

நேராக மேனேஜரிடம் போனார். "தப்பு என்னுது சார். அந்தப் புள்ளைய திரும்பக் கூப்டுங்க."

"வேற ஆள் போட்டாச்சுப்பா. முடிஞ்சதைக் கிளறாத."

மறைமலை நகரில் பையன் தங்கியிருந்த அறைக்குத் தேடிப் போனால், வேறு யாரோ இருந்தார்கள். மாதங்கள் கழித்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் அவனைப் பார்த்தார். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஓடும் இன்ஜின் சத்தத்தில் நாகப்பன் எல்லாவற்றையும் சொன்னார். இசக்கிதுரை கடைசிவரை கேட்டான்.

"நான் மாத்தலங்கது எனக்கு அன்னைக்கே தெரியும்லா சார். ஒங்களுக்குத்தான் இப்பம் தெரிஞ்சிருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார் நாகப்பன். எடுத்த பகுதியை அந்த மழை நாளிலேயே திரும்பச் சேர்த்துவிட்டார். பெட்டி கொஞ்சம் திணறி ஓடுகிறது. "ஓடட்டும்" என்கிறார்.

காலையில் ஸ்டேஷனில் இறங்கினால், நிற்கும் ஆட்டோக்களை விட்டுவிட்டு இசக்கிதுரையின் வண்டி வரும்வரை நிற்பார். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் ஒருநாள் அவரோடு நின்றேன். வண்டி வந்தது. இசக்கிதுரை அவரைப் பார்த்துவிட்டு, தன் இருக்கையில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான். நாகப்பன் கம்பியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு பின்பக்கம் போய், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கிடையே குனிந்து ஏறிக்கொண்டார்.