துண்டுக்குள் ஒரு கை

புத்தூர்ப் பக்கத்து மாங்காய் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ கிலோவுக்கு அத்தனை ரூபாய். படிந்ததும் வாங்குகிறவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மனசாரத்தானே?” என்பான். விற்கிறவன், “மனசாரத்தான்” என்பான். அதற்குமேல் பேச்சில்லை.

கோதை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தோப்புக் காய் இப்படித்தான் விலைபோயிற்று. துண்டுக்குள் போனது அவள் புருஷன் ஜெகநாதனின் கை. பெண்பிள்ளை அந்நிய ஆணின் விரலைப் பிடிக்கலாமா? தண்ணீர் கட்டியவள் அவள், மருந்தடித்தவள் அவள். விலை பேசும் வேளையில் மட்டும் வண்டி ஓரமாக நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வாள். “இன்னாய்யா, இவ்ளோ கம்மியா குடுத்துட்டு வந்துக்கிறே? கைய உதறிட்டு வரவேண்டியதுதானே? உன்ன யாராச்சும் கட்டியா வச்சிருந்தாங்க?”

“மனசாரத்தான் குடுத்தேன், உடு” என்பான் ஜெகநாதன். மோட்டார்க் கொட்டகைக் குழாயில் வலது கையை வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான்.

“இன்னா, பால் பட்டுச்சா?”

“ஆமா.”

காயைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி வந்தவன் கையில் மாங்காய்ப் பால் ஏது? இவன் ஒரு தொடைநடுங்கி என்று கோதை முடிவு கட்டிவிட்டாள். நாலு பேர் காதுபடவும் சொன்னாள். போன தை மாதம் மாரடைப்பில் அவன் போனபோது அழுதாள். அந்த முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

காய்ப்பு வந்தது. மண்டிக்காரர் நாகபூஷணம் தோப்புக்கே வந்தார். “நானே எடுத்துக்கறேன் கோதம்மா. பொம்பளை, நீ எங்க அலையப் போறே?”

“திருப்பதி ரோட்டுல ஜூஸ் பேக்டரி நேரா எடுக்கறாங்களாமே. ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கறதில்லையாம். என் காயி, என் இஷ்டம்.”

“பேஷா வித்துக்கோ. யாரு வேணான்னாங்க?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அதைத் திமிர் என்றது ஊர். திமிரா அது? தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல ஒருத்தி ஆசைப்பட்டாள். அந்த ஆசையைப் பழிக்கிறவன் அவளைத் திரும்பவும் வண்டி ஓரத்துக்கு அனுப்பத்தான் பார்க்கிறான்.

ஆனால் அந்த ஆசையே அவளை ஒரு தப்பும் செய்ய வைத்தது. மற்றவர்கள் கல்லு மாதிரி இருக்கும்போதே காயை அறுத்தார்கள். கோதை நன்றாக முற்றவிட்டு அறுத்தாள். நல்ல சரக்குக்கு நல்ல விலை என்று நம்பினாள்.

வாடகைக்குப் பிடித்த சலீமின் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனால், தொழிற்சாலைக்கு வெகுதூரம் முன்னாலேயே வரிசை நின்றது. அன்று நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. ஜூன் வெயில் தார்ப்பாய்க்குள் புகுந்து வேலை செய்தது. எதிரே ஏழுமலை தெரிந்தது. டிரைவர்கள் ‘கோவிந்தா’ என்று கும்பிட்டார்கள். விலையை வைத்தது அந்தச் சாமியா? ஏசி அறையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

அதற்கடுத்த நாள் கோதை நடந்தே தொழிற்சாலை கேட்டுக்குப் போனாள். கொள்முதல் பார்க்கும் சுரேஷ்பாபு வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

“சார், எட்டு ரூபான்னு சொன்னீங்களே, இப்ப நாலுன்றாங்களே?”

“எட்டு போன வாரம்மா. சரக்கு ஜாஸ்தி. இது ஓப்பன் மார்க்கெட். உங்களை நாங்க பலவந்தம் பண்ணலையே? இஷ்டமிருந்தா நில்லுங்க, இல்லேன்னா வேற எடம் பாருங்க.”

பக்கத்து கேட் வழியாக நாகபூஷணத்தின் லாரிகள் வரிசையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“அவருக்கு மட்டும் தனி வழியா சார்?”

“அவரு காண்ட்ராக்ட் போட்டிருக்காரும்மா. நீங்களும் போடலாம். நூறு லாரி சரக்கு இருந்தா.”

அவர் பொய் சொல்லவில்லை. அவளை யாரும் கட்டி வைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடிந்தவர் சுரேஷ்பாபு. வேண்டாம் என்றால் ஒரு வருஷத்து உழைப்பையும் ரோட்டில் கொட்ட வேண்டியவள் கோதை. இரண்டு பேருக்கும் ஒரே சுதந்திரமாம். இப்படிச் சொல்கிறவர்களை அந்த டிராக்டரில், அந்த வெயிலில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது டிராக்டரைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. “யக்கா, அடிக்காயெல்லாம் கொழகொழன்னு ஆய்க்கினு வருது” என்றான் சலீம். “முன்னால நிக்கறவனோடது கல்லு மாரிக்குது. நம்புளுதுதான் தாங்காது.”

சாயங்காலம் நாகபூஷணம் தோளில் துண்டோடு வரிசையில் நடந்து வந்தார். கோதையைப் பார்த்ததும் நின்றார். “ஆம்பளை யாரும் வரலியா?”

“இல்ல. நான்தான்.”

ஒரு கணம் தயங்கினார். பிறகு துண்டை விரித்தார். கோதை கையை நீட்டினாள். ஈரமான, தடித்த கை ஒன்று இரண்டு விரலைப் பிடித்தது. சுருக்கென்றது. உதறினாள். எத்தனையோ வருஷமாகப் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே உதறினாள். அந்தக் கை அவசரப்படவில்லை. காத்திருந்து மறுபடியும் பிடித்தபோது ஒரு விரல்தான் பிடித்தது.

துண்டுக்கு மேலே நாகபூஷணத்தின் முகம் சிரித்தபடி இருந்தது. கோதை அண்ணாந்து பார்த்தாள். டிராக்டர் பலகை இடுக்கில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. இதே துண்டுக்குள் ஜெகநாதன் எத்தனை தடவை உதறியிருப்பான்? உதறிப் பார்த்தவன்தானா அவன்? ஒரு தடவையாவது சொன்னானா? சொல்ல அவள் எங்கே விட்டாள்?

“மனசாரத்தானே?” என்று உரக்கக் கேட்டார் நாகபூஷணம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோதை சொன்னாள்: “மனசாரத்தான்.”

நாகபூஷணம் அடுத்த டிராக்டருக்குப் போனார். கோதை சுரேஷ்பாபு கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ரோட்டோரம் குந்தி, வலது கையைக் கழுவ ஆரம்பித்தாள். தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

சலீம் எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, பால் பட்டுச்சா?”

கோதை அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆமா” என்றாள்.