முருகேசன் மகளுக்கு நான் போட்ட அட்டவணை

இன்று மதியம் சோளக்காடு இ-சேவை மையத்தில் இருந்தேன். மிளகு விவசாயி முருகேசனின் மகள் கவிதாவுக்கு இரண்டு அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று சென்னையில், பெரும் பெயர் பெற்றது. மற்றது சேலத்தில். ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும்.

முருகேசன் கேட்டதால் மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பீட்டு அட்டவணை தயாரித்திருந்தேன். தரவரிசை, கல்லூரியின் வயது, கட்டடம், அங்கே படித்த அமைச்சர்கள் என்று பதினொரு தலைப்புகள். சென்னை ஒன்பதில் வென்றது. தப்பாக இருக்குமோ என்று இரண்டு முறை கூட்டியும் பார்த்தேன்.

வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர் கவிதா கையிலிருந்த அட்டவணையை எட்டிப் பார்த்தார்.

"சென்னையே போடு கண்ணு. கல்யாணப் பத்திரிகையில அந்தக் காலேஜ் பேரு இருந்தா தனி கெத்து."

"ஆமாங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாயே திறக்க மாட்டாங்க" என்றார் பின்னால் நின்ற அம்மா.

கவிதா என் தாளை நிதானமாகப் படித்தாள்.

"ஏனுங்க ஐயா, சென்னையில எனக்கு வரலாறு குடுத்திருக்காங்க. சேலத்துலதான் நான் கேட்ட புள்ளியியல். பாடம்னு ஒரு தலைப்பே இதுல காணோமுங்களே?"

தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

அவள் சேலத்தை உறுதி செய்தாள். மையமே துக்க வீடு போல ஆகிவிட்டது. முருகேசன் என் காதருகே வந்து, "ஊருக்குள்ள என்னன்னுங்க சொல்றது?" என்றார்.

"கவர்மெண்ட் காலேஜ்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவள் செய்ததுதான் சரி. நண்பர்கள் கருத்துச் சொல்லலாம். இரண்டில் எது பெரிய கல்லூரி என்று மட்டும் கேட்க வேண்டாம். சென்னைதான். நான் படித்தது அங்கே.