சுடாமல் நின்ற இடங்கள்

சமாதானப் படைக்காரனின் தொழில், சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவே துப்பாக்கியோடு சும்மா நிற்பது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்கு நடுவே நின்ற வாசகர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பீப்பாய்க்கு அப்பால்

அறுபதுகளில் ஓர் அந்நியப் பாலைவனத்தில் ஐ.நா. படையின் நீலத் தொப்பியோடு நின்றேன். இரண்டு நாட்டுக்கும் எல்லை, மணலில் வரிசையாக வைத்த தகரப் பீப்பாய்கள். எங்களைச் சுட்டால் மட்டுமே நாங்கள் சுடலாம். கண்ணெதிரே வேறு யாரைச் சுட்டாலும் விசில் ஊதலாம்.

ஒரு மத்தியானம் ஆடுகள் கானலில் மிதந்தபடி பீப்பாய்களைத் தாண்டின. பின்னாலேயே ஆட்டுக்காரக் கிழவர். எதிர்ப்பக்கம் துப்பாக்கிகள் உயர்ந்தன. விசில் ஊதினேன்; ஒருவரும் திரும்பவில்லை. நடந்துபோய்க் கிழவருக்கு முன்னால் நின்றேன். இப்போது குறி என் மேல். இனி எனக்கும் சுட அதிகாரம் வரலாம். வெகுநேரம் ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துப்பாக்கிகள் தாழ்ந்தன. முகாமில் எங்கள் ஹவில்தார் சொன்னார்: “ஏலே, அவன் சுட்ட பிறகுதான் நீ சுடலாம். அதுக்கு நீ உசிரோட இருக்கணும்ல?”

டீக்கடை விசாரணை

படையை விட்டு வந்து, அருப்புக்கோட்டையிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் தினமும் விசாரணை.

“எத்தன பேரச் சுட்டீக?”

“ஒருத்தரையும் இல்ல.”

தறிச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழும். நெசவுக்கார நண்பர் ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்: “அந்தத் துப்பாக்கிய எங்ககிட்டக் குடுத்திருந்தா, தறியில பாவு நூல இழுத்துக் கட்டவாவது ஆகியிருக்கும்.”

கடைசித் தண்ணீர்

எழுபதுகளில் ஒரு வறட்சி. நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் மேலூர் வயல்கள் பாய்ந்து முடிந்து, கீழூரின் முறை. அன்று பாயாவிட்டால் கீழூர் நெல்லெல்லாம் பதர். அங்கே நிலமில்லாத வெளியாளைத்தான் வாய்க்காலில் காவல் நிறுத்துவார்கள். அவன் கையில் கம்பு கூடாது, யாரையும் தொடக்கூடாது. அவன்மேல் கை வைத்த ஊர், அடுத்த வருஷம் கடைசியாகத்தான் பாய்ச்ச வேண்டும். ‘சுடாத ஆளு’ என்ற பெயர் அந்தப் பக்கம் வரை எட்டியிருந்ததால் இரண்டு ஊரும் என்னைக் கேட்டன.

மத்தியானம், அதே கானல். கருவேல மரங்கள் தரையை விட்டு எழும்பி நின்றன. மேலூர் மூக்கையா மண்வெட்டியோடு வந்தார், கரையை உடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்ப. கீழூர்க் கருப்பாயி மறித்தார். மண்வெட்டி உயர்ந்தது. வாய்க்காலில் இறங்கிக் கருப்பாயிக்கு முன்னால் நின்றேன்.

“விலகுங்க. உங்க மேல எனக்கு என்ன விரோதம்?”

“ஒண்ணுமில்ல. வெட்டுறதுன்னா மொதல்ல என்னத்தான் வெட்டணும்.”

மூக்கையா என்னையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். “என் பயிரும் பயிருதான” என்றபடி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கானலில் அவர் கரையும்வரை பார்த்து நின்றேன். எங்கோ ஆட்டு மணி கேட்டதுபோல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கருப்பாயியின் குரல்: “ஐயா, அவுகதான் போய்ட்டாகள்ல? கரையேறுங்க. உங்க காலு தண்ணிய மறிக்குது.”

குறுக்கே எப்போது நிற்க வேண்டும் என்பதற்குப் படையில் ஏகப்பட்ட விதி வைத்திருந்தார்கள். எப்போது நகர வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.